கதிரை ஒன்று, பிள்ளைகள் நாலு: வாரிசுப் போட்டி நாடகம் எப்படி ஓடுகிறது?

பின்னேரம் ஏழு மணி தாண்டிவிட்டால் களுவாஞ்சிக்குடியிலும் சரி, அக்கரைப்பற்றிலும் சரி, ஒழுங்கை வழியே நடப்பவருக்கு வீட்டுக்கு வீடு ஒரே சண்டைதான் காதில் விழும். தொலைக்காட்சியில் அண்ணன் தம்பியை அதட்டுவான். கொம்பனிக் கோப்பில் கையொப்பம் வைக்க மாட்டேன் என்று ஒருத்தி நிற்பாள். தகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்வார். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவிடம் என்ன நடக்குது என்று கேட்டால், "என்ன, சொத்துக்குத்தான் அடிபடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அந்தப் பதில் பாதிதான் சரி. சொத்து மட்டும்தான் பிரச்சினை என்றால் நொத்தாரிசைக் கூப்பிட்டு, நாலு பங்காக எழுதி, நாலு உறுதி முடித்துவிடலாம். நாடகம் இரண்டாம் நாளே முடிந்துபோகும். காணியைப் பிரிக்கலாம், காசைப் பிரிக்கலாம், நகையைக்கூடத் தராசில் வைத்துப் பிரிக்கலாம். தலைமையைப் பிரிக்க முடியாது. அப்பா இருந்த கதிரை ஒன்றுதான். அதில் ஒருவர்தான் இருக்கலாம். வாரிசுப் போட்டி நாடகங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தை: பங்கு வேறு, தலைமை வேறு. தன் பங்கு முழுதாகக் கைக்கு வந்த பிறகும் ஒரு பாத்திரம் அடங்காமல் நின்றால், அவர் கேட்பது பங்கை அல்ல என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதிரை ஒன்றுதான் என்பது மட்டும் நாடகத்துக்குப் போதாது. யார் அடுத்தது என்ற விதி தெளிவாக இருந்தால் ஒருவர் ஏறுவார், மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுவார்கள். விதி குழம்பியிருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொருவரும் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மனதார நம்பும் அளவுக்குக் குழம்பியிருக்க வேண்டும்.

இதற்கு மகாபாரதத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலிலும் பழுகாமத்திலும் வனவாசம் போகும் பாண்டவரின் பின்னால் ஆண்டுதோறும் நடக்கிற நம் சனத்துக்கு அதை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒரு தடவை வாரிசுக் கணக்காக அதைப் பாருங்கள். திருதராட்டிரன் மூத்தவன், கண் தெரியாததால் பட்டம் தம்பி பாண்டுவுக்குப் போகிறது. பாண்டு காட்டில் இறக்கிறான். அண்ணன் கதிரையில் இருக்கிறான். இனி அடுத்த தலைமுறையில் யார்? பட்டம் கட்டிய பாண்டுவின் மகன் தருமனா, இப்போது இருக்கிறவனின் மகன் துரியோதனனா? மூத்தவன் தகப்பனா, மூத்தவன் பிள்ளையா? தருமன் பிள்ளைகளுக்குள் மூத்தவன். துரியோதனன் மூத்தவனின் பிள்ளை. இரண்டு வழக்கும் எடுபடக்கூடியவை. துரியோதனனை வெறும் கெட்டவனாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையின் அடித்தளமே தவறிப்போகும். தன் தகப்பனின் கண் குறையால் தன்னுடையது கை நழுவியது என்ற காயத்தோடு வளர்ந்த பிள்ளை அவன். வடமோடிக் கூத்தில் அவன் களரிக்கு வரும்போது மத்தளமும் சல்லரியும் என்ன வேகத்தில் விழுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்தானே? கெட்டவன் என்பதற்காகக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அவனுடைய வரவைக் குறைத்து ஆடவிடுவதில்லை. அரசன் அரசனாகத்தான் வருவான்.

கடைசியில் கிருஷ்ணன் தூது போகிறான். பாதி நாடு வேண்டாம், ஐந்து ஊர் போதும் என்கிற அளவுக்குக் கேள்வி இறங்கி வருகிறது. ஊசிமுனை நிலமும் தர மாட்டேன் என்கிறான் துரியோதனன். அஸ்தினாபுரத்தின் அளவுக்கு ஐந்து ஊர் ஒரு பொருட்டே இல்லை. கொடுத்தால் போர் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அவனால் கொடுக்க முடியாதது நிலத்தை அல்ல. அவர்களுக்கும் உரிமை இருக்கிறது என்ற ஒப்புதலை. ஈகோ என்று நாங்கள் சொல்வது இந்த இடத்தில்தான் துல்லியமாகத் தெரிகிறது.

ஈகோவைப் பலர் வெறும் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். திமிர் பிடித்தவனுக்கு மற்றவர் என்ன நினைக்கிறார் என்ற கவலையே இராது. வாரிசு நாடகத்துப் பிள்ளைகள் நேர் எதிர். அவர்களுக்கு மற்றவர் நினைப்பதுதான் உயிர். அதுவும் குறிப்பாக ஒரே ஒருவர், கதிரையில் இருக்கிறவர். தான் யார் என்பதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற பசி அது. அந்தப் பசி தீராதவரை எவ்வளவு சொத்து வந்தாலும் நிறையாது.

அமெரிக்காவில் 2018 முதல் 2023 வரை நாலு பருவங்களாக ஓடிய 'சக்சஷன்' தொடர் இதை முழுக்க முழுக்க எடுத்துக் காட்டியது. நியூயோர்க்கில் ஒரு பெரிய ஊடகக் கொம்பனி, அதைக் கட்டியெழுப்பிய லோகன் ரோய், அவருடைய நாலு பிள்ளைகள். முதல் அத்தியாயத்தில் லோகனுக்கு 80 ஆவது பிறந்தநாள். இன்றைக்கு அப்பா எழும்புவார், நான் இருப்பேன் என்று கெண்டல் என்ற மகன் காத்திருக்கிறான். அப்பா எழும்பவில்லை. பதவியில் தொடரப்போவதாகச் சொல்லிவிட்டு, தன் மனைவிக்குக் குடும்ப நம்பிக்கை நிதியத்தில் கூடுதல் வாக்குரிமை கொடுக்கும் கடதாசியில் பிள்ளைகளிடம் கையொப்பம் வேறு கேட்கிறார். மொத்தம் 39 அத்தியாயங்களுக்கான விறகும் அந்த ஒரே நாளில் அடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்தத் தொடரில் இரண்டு இடங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லோகன் இறந்த பிறகு ஒரு கடதாசி கிடைக்கிறது. அடுத்தவர் கெண்டல் என்று அதில் எழுதியிருக்கிறது. கெண்டலின் பெயரில் பென்சிலால் ஒரு கோடு. அது பெயருக்குக் கீழே இழுத்த கோடா, பெயரை வெட்டிய கோடா என்று யாராலும் தீர்க்க முடியவில்லை. கெண்டல் அதை அடிக்கோடாகப் பார்க்கிறான். தங்கை ஷிவ் அதை வெட்டாகப் பார்க்கிறாள். கொம்பனி யாருக்கு என்பது அந்தக் கடதாசியால் முடிவாகப் போவதில்லை. அதற்குச் சட்டப் பெறுமதி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கோடு முக்கியம். செத்துப்போன மனிதரின் மனதில் நான் இருந்தேனா இல்லையா என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

மற்றது கடைசி அத்தியாயம். தனக்கு ஏழு வயதாக இருந்தபோதே அப்பா இதைத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார் என்கிறான் கெண்டல். நாற்பது கடந்த மனிதன், தனக்கும் பிள்ளைகள் இருக்கிறவன், ஏழு வயதில் கேட்ட ஒரு வாக்கை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு வாக்கெடுப்பு நேரம் தங்கை தடுமாறும்போது, நான்தான் மூத்த மகன் என்று கத்துகிறான். உண்மையில் மூத்தவன் அவனல்ல; முதல் மனைவிக்குப் பிறந்த கொனர் என்ற அண்ணன் இருக்கிறான். கெண்டல் பொய் சொல்லவில்லை. அவனுடைய கணக்கில் கொனர் போட்டியிலேயே இல்லை, அவ்வளவுதான். நாடகம் முழுக்கக் கொனரை எல்லாரும் எப்படி நடத்தினார்கள் என்பது அந்த ஒரே வசனத்தில் வெளியே வந்துவிடுகிறது. எழுத்தாளன் பாத்திரத்தின் ஈகோவைக் காட்ட நீளமாகப் பேசவிடத் தேவையில்லை. யாரை எண்ணாமல் விடுகிறான் என்று காட்டினால் போதும். எங்கள் நாடகங்கள் இதைக் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி அதிகாரம். நாடகம் பார்க்கும்போது உரத்துக் கத்துகிறவரிடம் அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் அது வேறு எங்கேயோ இருக்கும். கையொப்பம் யாருடையது, இரும்புப் பெட்டித் திறப்பு யாருடைய இடுப்பில், கணக்குக் கொப்பி யாருடைய அலுமாரியில், வைத்தியர் முதலில் யாருக்குத் தொலைபேசி எடுக்கிறார், அப்பாவின் அறைக்குள் கதவு தட்டாமல் போகக்கூடியவர் யார் என்று பாருங்கள். 2022 இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய, மதுரையில் நடக்கும் 'எதிர்நீச்சல்' தொடரில் மூத்தவர் ஆதி குணசேகரன் வைத்ததுதான் சட்டம். தம்பிமாரும் அவர்களுடைய மனைவிமாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் சொத்தின் 40 வீதம் வீட்டு மூதாட்டியான அப்பத்தாவின் பெயரில் இருக்கிறது என்று தெரிய வந்ததும் கதை முழுக்க அந்த மூலைக்குத் திரும்பியது. அத்தனை நாளும் மூலையில் இருந்த ஒருவரை எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதட்டலுக்கு அடியில் பயம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கூட்டணி மாறுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அண்ணனோடு நின்றவள் இன்றைக்குத் தம்பியோடு நிற்கிறாள், நாளைக்குத் திரும்ப அண்ணனோடு. பார்க்கிற ஆட்களுக்குச் சலிப்பு வரும். எழுத்தாளர் இழுக்கிறார் என்று ஏசுவோம். வாரத்தில் ஐந்தாறு நாள் ஓட்ட வேண்டிய தொடர்களில் அந்தக் குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. ஆனாலும் அடிப்படையில் ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தால் தகப்பனைக் கதிரையிலிருந்து எழுப்பிவிடலாம். சேர்ந்தால் பிறகு யாராவது ஒருவர்தான் இருக்கலாம். ஆகவே வெற்றி கிட்ட வரவரக் கூட்டணி உடையும். 'சக்சஷன்' கடைசி வாக்கெடுப்பும் அப்படித்தான் போனது. கெண்டல், தம்பி ரோமன், ஷிவ் மூன்று பேரும் சேர்ந்து கெண்டலை ஏற்றுவது என்று முதல் நாள் இரவு முடிவெடுத்தார்கள். கொம்பனியை வெளியாருக்கு விற்பதா என்ற வாக்கெடுப்பில் கடைசியாக ஷிவ் விற்கச் சொன்னாள். 7க்கு 6. அண்ணன் அந்தக் கதிரையில் இருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. தனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்காமல் போனதும் கதிரையில் ஏறியது யார் தெரியுமா? அவளுடைய கணவன் டொம். எல்லாரும் பகிடி பண்ணிய மருமகன்.

இவ்வளவும் நியூயோர்க், மதுரை, அஸ்தினாபுரம். எங்கள் ஊருக்கு வருவோம். இதைத்தான் கொஞ்சம் ஆறுதலாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் சென்னையில் எடுக்கிற நாடகங்களின் வீடு எங்களுடைய வீடு அல்ல.

அந்த நாடகங்களில் வீடு ஆண்பிள்ளைகளுடையது. மகன்மார் கலியாணம் முடித்துப் பெண்களை அந்த வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே மாமியும் நாலு மருமகள்மாரும். அண்ணன் தம்பிமாருக்குள் யார் பெரியவர் என்ற போட்டி. மட்டக்களப்பிலும் அம்பாறையின் தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் நடப்பது பெரும்பாலும் வேறு. இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு சீதனமாக அவள் பெயரில் எழுதப்படும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு அடுத்த வளவில் இன்னொரு வீடு எழும்பும். மகன்மார் கலியாணம் முடித்துத் தங்கள் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆக, மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே குசினியில் நடக்கும் போர் எங்கள் நாளாந்த வாழ்க்கையில் அவ்வளவாக இல்லை. அந்த இடத்தில் வேறு காயங்கள் இருக்கின்றன.

அண்ணன் ஒருவனை யோசித்துப் பாருங்கள். கட்டார் போய் உழைத்து, மாதாமாதம் அனுப்பி, தங்கைக்குக் கல்வீடு கட்டுகிறான். எங்கே யன்னல், எங்கே சாமி அறை, விறாந்தைக்கு என்ன மாபிள் என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் கட்டுவித்தவன். தங்கைக்குக் கலியாணம் முடிகிறது. பிறகு அவனுக்கும் முடிகிறது, அவன் மனைவி வீட்டுக்குப் போகிறான். தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு வருகிறான். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறான். அப்பாவின் சாய்மனைக் கதிரையில் மச்சான் இருக்கிறார். மச்சான் மரியாதையான மனிதர்தான், உடனே எழும்புகிறார். "வாங்க மச்சான், இருங்க" என்கிறார். அந்த "வாங்க" தான் அவனுக்குச் சுடுகிறது. தான் கட்டிய வீட்டுக்கு இன்னொருவர் தன்னை வரவேற்கிறார். தங்கை தேத்தண்ணி கொண்டுவருகிறாள். நல்ல கோப்பையில், கீழே தட்டு வைத்து. வீட்டு ஆளுக்கு யார் தட்டு வைத்துக் கொடுக்கிறார்கள்? அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். அடுத்த மாதம் வளவின் வேலிக் கணக்கில் ஒரு சின்னத் தகராறு வரும்போது, ஊரே ஆச்சரியப்படும் அளவுக்குக் கத்துவான். வேலி ஒரு முழம் தள்ளியதற்கா இந்தக் கத்தல் என்று எல்லாரும் கேட்பார்கள். அது அந்தத் தேத்தண்ணித் தட்டுக்கான கத்தல்.

இன்னும் ஆழமான ஒன்று குடி என்கிற குலப் பிரிவு முறையில் இருக்கிறது. வெளியூர் வாசகருக்கும், குடிப் பெயரைக் கேள்விப்பட்டு அதன் கணக்குத் தெரியாமல் வளர்ந்த எங்கள் இளம் பிள்ளைகளுக்கும் இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடம் குடி தாய் வழியே வருகிறது. அம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. எனவே தகப்பனும் பிள்ளையும் எப்போதும் வேறு வேறு குடி. தகப்பனின் குடியைச் சேர்ந்த அடுத்த தலைமுறை ஆள் யாரென்றால் அவருடைய அக்கா, தங்கச்சியின் பிள்ளை. இந்தக் கரையில் முஸ்லிம்களிடமும் தாய் வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. கோவில்களில் அந்த இடம் வண்ணக்கருக்கு. எந்தக் குடிக்கு எந்தக் கடமை, எந்தத் திருவிழா, யாருக்கு முதல் காளாஞ்சி (பூசை முடிவில் கொடுக்கும் கோவில் மரியாதை) என்பதெல்லாம் கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், மண்டூர் போன்ற பெரிய கோவில்களைச் சுற்றிக் காலங்காலமாக வகுக்கப்பட்டவை.

இதோடு சட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். மட்டக்களப்பில் முன்பு இருந்த முக்குவர் சட்டத்தில் சொத்தே மருமக்கள், அதாவது அக்கா, தங்கச்சியின் பிள்ளைகள், வழியாகப் போகும் ஏற்பாடு இருந்தது. அது இப்போது நடைமுறையில் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை வட மாகாணத் தமிழருக்கானது, கிழக்குக்குப் பொருந்தாது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை ஒட்டிய பொதுச் சட்டமே கிழக்குத் தமிழருக்கு. மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமமாக. முஸ்லிம்களுக்கு இஸ்லாமிய முறைப்படி வேறு சட்டம் உண்டு. குடியேற்றத் திட்டத்தில் அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்த காணி என்றால் அது இன்னொரு கதை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்க வேண்டும், நினைத்தபடி துண்டு போட முடியாது. கல்லோயாத் திட்டத்தில் ஒரு தாத்தாவுக்குக் கிடைத்த வயல் அவருடைய ஆறு பிள்ளைகளுக்குள் ஏன் இவ்வளவு கசப்பை உண்டாக்குகிறது என்பது இப்போது விளங்கும். பிரிக்க முடியாத காணி, காணியாக இருந்தாலும், கதிரைதான்.

ஆக எங்கள் ஊரில் ஒரு போடியார், அதாவது பெரிய வயல்காரர், கண்ணை மூடினால் அவருடையவை ஒரே திசையில் போவதில்லை. ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல், சந்தியில் ஒரு அரிசி மில். போடியார் கோவிலில் வண்ணக்கர். இரண்டு மகள், ஒரு மகன். ஒரு தங்கை, அவளுக்கு ஒரு மகன், பள்ளிக்கூட வாத்தியார். வீடு மூத்த மகளுக்கு எப்போதோ எழுதியாகிவிட்டது. வயலும் மில்லும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். வண்ணக்கர் இடமோ மகனுக்குப் போகாது. மகன் தாயின் குடி. அது தங்கையின் மகனுக்குப் போகும், அந்த வாத்தியாருக்கு.

இப்போது திருவிழாவில் ஒரு காட்சி. பூசை முடிந்துவிட்டது. குடி குடியாகப் பெயர் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுக்கிறார்கள். தகப்பனின் குடியைக் கூப்பிட்டதும் அத்தனை வருடமும் தகப்பன் முன்னால் போனதைப் பார்த்து வளர்ந்த மகன், அறியாமலே ஒரு காலை முன்னுக்கு வைக்கிறான். பிறகு நிற்கிறான். அவனைத் தாண்டி அவனுடைய மச்சானான அந்த வாத்தியார் போகிறார். தோளில் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்குகிறார். வெற்றிலை, பாக்கு, பழம். கடையில் வாங்கினால் பெரிய காசு இல்லை. திருவிழாச் செலவுக்கான நெல் மகனுடைய வயலில் விளைந்தது. அரிசி மகனுடைய மில்லில் குத்தியது. மரியாதை மச்சானுக்கு. அதே நேரம் அந்த வாத்தியாரின் மனதுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். மாமாவின் கடமை அவர் தலையில் விழுந்திருக்கிறது. அதைச் செய்ய மாமாவின் வயல் அவரிடம் இல்லை, மாதச் சம்பளம்தான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் மச்சானிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கும்போது மச்சான் பேசாமல் கொஞ்ச நேரம் கணக்குக் கொப்பியைப் புரட்டுவான். ஒருவனிடம் மரியாதை இருக்கிறது, பொருள் இல்லை. மற்றவனிடம் பொருள் இருக்கிறது, மரியாதை இல்லை. இருவரும் மாமன் மச்சான் முறைக்காரர், சிறு வயதில் ஒரே வாவியில் நீந்தியவர்கள். இதைவிட உயிருள்ள வாரிசுப் போட்டியைச் சென்னை ஸ்டூடியோவில் யாராலும் கட்ட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கதையில் கெட்டவன் யார் என்று தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டான். நல்ல வாரிசு நாடகத்தை மோசமானதிலிருந்து பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: ஒவ்வொரு வாரிசின் பக்கமும் நின்று ஐந்து நிமிடம் வழக்குப் பேச முடிகிறதா? முடிந்தால் அது தேறிவிட்டது. ஒருத்தி எந்தக் காரணமும் இல்லாமல் பாலில் விசம் கலக்கிறாள், இன்னொருத்தி எந்தக் காரணமும் இல்லாமல் மன்னித்துக்கொண்டே இருக்கிறாள் என்றால் அங்கே போட்டியும் இல்லை, வாரிசும் இல்லை. மாலை நேரத்துக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். பெண்களை அப்படி இரண்டே அச்சில் வார்த்து எடுப்பதை நான் வெறுக்கிறேன். அதுவும் வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும் ஒரு சமூகத்தில், அவளுடைய அதிகாரத்தை நஞ்சுக் குப்பியில் காட்டுவது பெரிய அநியாயம்.

அந்தக் கற்பனைக் குடும்பத்தின் மூத்த மகளைப் பாருங்கள். வீட்டு உறுதி அவள் பெயரில். சாய்மனைக் கதிரை அவளுடைய விறாந்தையில். தாய் அவளோடு இருக்கிறாள். பொதுச் சட்டப்படி மில்லிலும் வயலிலும் பாதி அந்தத் தாய்க்கு. யார் மில்லை நடத்துவது என்று தம்பியும் இளைய மச்சானும் இரவிரவாகப் பேசட்டும். தாய் யாருக்குக் கையொப்பம் வைப்பாள் என்பது அந்த மகளின் குசினியில் தீர்மானமாகும். அவள் வாய் திறந்து எதுவும் கேட்கத் தேவையில்லை. காலையில் தாய்க்குக் கஞ்சி கொடுக்கும்போது, "அம்மா, தம்பி இந்தக் கிழமை வரவேயில்லையே, என்னகா அவனுக்கு?" என்று கேட்டால் போதும். அது அன்பா, அரசியலா என்று அவளுக்கே தெரியாமல் இருக்கும்படி எழுதினால் அந்தப் பாத்திரம் பிழைத்துவிடும்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த முறை ஒரு வாரிசு நாடகம் ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். யார் எழும்பும்போது மற்றவர்கள் எழும்புகிறார்கள், யார் பேச வாயெடுத்து நிறுத்துகிறார்கள், கடதாசியைக் கையில் வாங்கியவர் முதலில் யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். வசனம் சொத்தைப் பற்றிப் போய்க்கொண்டிருக்கும். உடம்பு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். நல்ல நடிகருக்கு இது தெரியும். கூத்தில் பழகிய கண்ணுக்கும் இது இலகுவில் பிடிபடும்.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, எங்கள் வாரிசுக் கதையை எழுதும்போது மாளிகை வீடும் கறுப்புக் காரும் தேட வேண்டாம். அந்த மில், அந்த விறாந்தை, அந்தக் கோவில் முன்றல் போதும். அத்தோடு எல்லாரும் மறந்துவிடுகிற ஒருவரை விட்டுவிட வேண்டாம்: மூத்த மகளின் கணவர். இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், வயல் வட்டையில் தண்ணீர் முறைக்கு இரவில் காவல் நின்றவர், மில்லின் பழுதுபட்ட மோட்டரைத் தன் கையால் திருத்தியவர். வீட்டு உறுதியில் அவர் பெயர் இல்லை, குடியில் அவர் வேறு, மில்லின் கணக்கில் அவர் சம்பளக்காரர்கூட இல்லை. மகனும் வாத்தியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் வயல்காரரும் மில் வேலையாட்களும் எதற்கும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள், ஏனென்றால் வேலை தெரிந்தவர் அவர்தான். அவர் கதிரையைக் கேட்க மாட்டார். ஆனால் மூன்றாம் பருவத்தில் அவர் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்துவிட்டால், மில் ஓடாது. அந்த அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வரலாம்.